பயம் போக்கும் வகுப்பில் மணியடித்தவர்

இன்று ஆன்லைனில் ‘இன்டர்வியூ பயத்தை வெல்வது எப்படி’ என்று ஒரு வகுப்பு. மகளுக்காகச் சேர்ந்தேன்.

பாடம் நடத்தியவரைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. எண்பதுகளின் கடைசியில், மல்லாபூர் பக்கம் ஒரு சர்க்கார் கம்பெனியில் என்னை இன்டர்வியூ செய்த அதிகாரி! நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மேஜை மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்ட மகான்.

“படபடப்பா இருந்தா ஒரு வாய் தண்ணி குடிங்க. அப்புறம் தைரியமாப் பேசுங்க” என்றார்.

மைக்கைத் திறந்தேன். “சார், வாயைத் திறந்ததுமே நீங்க மணி அடிச்சா?”

“நக்கோ மம்மி, வேணாம், விட்டுடு!” என்று மகள் கையைப் பிடித்தாள்.

அவர் ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்துப் பார்த்தார். பேச்சு வரவில்லை.

அவர் மணியடித்து அனுப்பியவர்கள் வேறு யாராவது இங்கே இருக்கிறீர்களா? அடுத்த வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. கேள்வி கேட்கலாமாம்.