மோட்டாரை நிறுத்தச் சொன்ன கம்பெனி

அந்தக் கம்பெனி பிறகு பெங்களூரில் மாடி மாடியாக வளர்ந்தது. எப்படி வளர்ந்தோம் என்று அவர்கள் சொல்லும் கதையில் மூளை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, கடவுள்கூட இருக்கிறார். காரிமங்கலம் பக்கத்துக் கிணறுகள் இல்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் அது கோழி வளர்த்துக் கைவிட்ட ஒரு தகரக் கொட்டகை. முதலாளி பெங்களூர் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் நிலத்துக்குத் திரும்பி வந்தவர். கம்ப்யூட்டர் திரையில் படம் வரைவதற்கென்றே ஒரு சிப்பை வடிவமைத்தார். வெளிநாட்டில் செய்து வாங்கிய மாதிரிகளில் ஒன்றுதான் உருப்படியாக வேலை செய்தது. அதைச் சர்க்யூட் அட்டையில் ஈயம் உருக்கிப் பொருத்தியவன் நான். பெங்களூரிலிருந்து வேறொரு பெரிய கம்பெனியின் ஆட்கள் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் ஆர்டர். இல்லையென்றால் கொட்டகையில் மறுபடியும் கோழி, எங்களுக்கு நடுத்தெரு.

கொட்டகைக்கும் சுற்றியிருந்த கிணறுகளுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். எல்லா மோட்டாரும் ஓடினால் வோல்டேஜ் விழுந்து, படம் சுருங்கி, நடுங்கி, அணைந்துவிடும். ஜெனரேட்டர் வாங்க வக்கில்லை. கிணறு கிணறாகப் போய்க் கெஞ்சும் வேலையை முதலாளி என் தலையில் கட்டினார்.

மற்றவர்கள் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். பக்கத்து நிலத்தில் தனி ஆளாகத் தக்காளி போட்டிருந்த அக்கா மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"மழதான் பேயல. கெணத்துல கெடக்கறது முழங்கால் தண்ணி. அதையும் எறைக்காதன்னு சொல்ல வந்துட்டியா தம்பி?"

"ஒரு மணி நேரந்தாங்க்கா. பொட்டியில படம் வரணும்."

"படம் பாக்கணும்னா டூரிங் கொட்டாய்க்குப் போவச் சொல்லு உங்க மொதலாளிய."

"எங்க பொழப்பே போயிடுங்க்கா."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு மணி நேரம். அதுக்கு மேல வந்து நின்னீன்னா செருப்பு பிஞ்சிடும்."

மறுநாள், வருவதாகச் சொன்னவர்கள் நேரத்துக்கு வரவில்லை. பெரிய மனிதர்கள் அல்லவா. நான் கெஞ்சி வாங்கிய ஒரு மணி நேரம் கடந்ததும் மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. அப்போதுதான் கார் வந்து நின்றது. திரையில் கோடுகளால் வரைந்த ஒரு வீடு சுற்ற வேண்டும். சுற்றவில்லை, வெடவெடத்தது. முதலாளி என்னைப் பார்த்தார். ஓடினேன்.

மற்றவர்களின் கெட்ட வார்த்தைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு அந்த அக்காவிடம் போனேன். மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றாள். தண்ணீர் அப்போதுதான் முதல் பாத்தியை நனைத்திருந்தது. காலில் விழுந்தேன். என் வம்சத்தையே திட்டிவிட்டு மோட்டாரை அணைத்தாள்.

நடுக்கம் நின்று படம் சுற்றியது. வந்தவர்கள் மெதுவாக டீ குடித்தார்கள், சந்தேகம் கேட்டார்கள், படத்தைத் திருப்பித் திருப்பிச் சுற்றவிட்டார்கள். கடைசியில் அந்த ஒரே சிப் இருந்த அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்கள். கார் போய்ச் சற்று நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

சேற்றுக் காலோடு வந்து வாசலில் நின்றாள் அக்கா. "எங்க அந்தப் படம்? எதுக்கு நிறுத்தினேன்னு நானும் பாக்கறேன், காட்டு."

முதலாளி கொஞ்சம்கூடக் கூசவில்லை. "கரண்ட் வந்ததும் காட்டறேங்க்கா. உக்காருங்க."

"கரண்டு வந்தா நான் எதுக்குய்யா இங்க உக்காந்திருக்கப் போறேன்? மோட்டார் போட ஓட மாட்டனா?"

அன்று கரண்ட் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பூவிலிருந்த தக்காளி கருகியது. ஆர்டர் வந்தது.