காற்றில்லாமல் நடந்த படகு

ஆர்டித் காஸ்கின்ஸின் படகு காற்று இல்லாமலே நடக்கிறது என்று அந்த மே மாதம் பர்விஸ் ஏரிக்கரையில் ஒரு பேச்சு கிளம்பியது. பேச்சு பிறந்த இடம் கோய் போசார்டின் முடிதிருத்தும் கடை. மாலை தூண்டில் இரைக்கடைக்கு வந்து சேர்ந்தபோது படகின் அடியில் ஒரு திருட்டு மோட்டார் முளைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலை எட்டியபோதோ, ஆர்டித்தின் காலஞ்சென்ற கணவர் தண்ணீருக்குள் இருந்து தள்ளுவதாக ஆகிவிட்டது. இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் விசாரிக்காமலே தள்ளிவிடலாம். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதே எதையும் தள்ளி யாரும் பார்த்ததில்லை.

மீதிக்கு ஆதாரம் இருந்தது, அதுதான் சங்கடம். ஏரியில் வருடா வருடம் காற்றுப் பந்தயம் நடக்கும். விசில் ஊதியதும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். அதன்பின் காற்று தள்ளுகிற பக்கம்தான் படகு போகும். வேகம் மிஞ்சாமலிருக்கப் பாராசூட் போன்ற ஒரு துணிப்பையை விலாப்பக்கம் தண்ணீரில் விட்டுக்கொள்வார்கள். எட்டுத் தூண்டில்களில் வெட்டிய மீன்துண்டுகள் ஏரித்தரையை உரசிக்கொண்டே பின்னால் வரும். நீலக் கெளுத்தி எங்கே படுத்திருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு இதைவிட நாணயமான வழி கிடையாது: வீட்டுக்கு வீடு சாப்பாட்டைக் காட்டிக்கொண்டே போவது.

அந்தச் சனிக்கிழமைப் பந்தயத்தில் பத்து மணிக்குக் காற்று செத்தது. இருபத்திரண்டு படகுகள் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றன. இருபத்து மூன்றாவது, ஆர்டித்தினுடையது, அணைப்பக்கம் அரை மைல் நகர்ந்துபோய் ஐம்பத்தெட்டு பவுண்டு நீலக் கெளுத்தி ஒன்றை ஏற்றியது. இரண்டாவதாக வந்தவர் கோய் போசார்ட்.

ஜெயித்தவர் பெயரை ஒரு பழைய துடுப்பில் காய்ச்சிய இரும்பால் சுட்டு எழுதுவது வழக்கம். அந்தத் துடுப்பு ஃபர்மன் டிட்வெலின் இரைக்கடையில் தொங்குகிறது. நாற்பது வருடப் பெயர்களில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. அறுபத்திரண்டு வயதிலும் பள்ளிப் பேருந்து ஓட்டிவந்த ஆர்டித், துடுப்பில் தன் பெயருக்கென்று ஓர் இடத்தைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துவைத்திருந்தார். அவர் திங்கட்கிழமை கடைக்குப் போனபோது இரும்பு ஆறிக் கிடந்தது.

“என்ன ஃபர்மன், அடுப்புல விறகு இல்லையா?”

“விறகு இருக்கு, மிஸ் ஆர்டித். ஊரு ஒரு மாதிரி பேசுது.”

“ஊருன்னா யாரு? ரெண்டாவதா வந்தவனா?”

மூலையில் கோய் அவித்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். “நான் யாரையும் குத்தம் சொல்லல, மிஸ் ஆர்டித். என் படகு பத்து மணிக்கு நின்ன எடத்துலதான் பன்னெண்டுக்கும் நின்னுச்சு. உங்களது போயிருக்கு. பாத்ததைச் சொன்னேன்.”

“எத்தனை தலைகிட்ட சொன்னே?”

“சனிக்கிழமை கூட்டம் கொஞ்சம் ஜாஸ்தி.”

ஆர்டித்திடம் திருட்டு மோட்டார் எதுவும் இல்லை. ஒரு உபாயம் இருந்தது. அதைச் சொன்னால் பெயர் மீளும், உபாயம் போகும். அடுத்த வருடம் இருபத்து மூன்று படகும் அதையே செய்யும். சொல்லாவிட்டால் உபாயம் மிஞ்சும், துடுப்பில் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். இரண்டு நாள் யோசித்தார். பேருந்தில் பிள்ளைகளே, “மிஸ் ஆர்டித், இதுலயும் ரெண்டாவது மோட்டார் இருக்கா?” என்று கேட்ட அன்று யோசனை முடிந்தது.

“சனிக்கிழமை எல்லாரும் வாங்க,” என்றார் ஃபர்மனிடம். “மோட்டாரைக் கழட்டி உன் வண்டியில போட்டுக்கோ. படகைக் குப்புறக் கவுத்து, தட்டிப் பாரு, மோந்து பாரு. பெறகு கோய் என்கூட உக்காரட்டும்.”

சனிக்கிழமை இலை அசையவில்லை. ஃபர்மன் படகைக் கவிழ்த்துப் பார்த்தார். கோய் குளிர்பானப் பெட்டியைத் திறந்து பார்த்து, மோட்டார் இல்லாததால் ஒரு சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டார். வேறொரு படகு அவர்களை இழுத்துப்போய் பழைய ஆற்றுத் தடத்தின்மேல் விட்டுவிட்டு வந்தது. கரையில் நூறு பேர்.

ஆர்டித் துணிப்பையை எடுத்தார். அதன் வாயில் கனத்த இரும்பு வாணலி ஒன்றைக் கட்டி, நாற்பதடிக் கயிற்றில் ஆழத்துக்கு இறக்கினார்.

“அங்க எதுக்கு? பிரேக்கு மேலதானே போடணும்?” என்றார் கோய்.

“நிக்கிற வண்டிக்கு எதுக்குப்பா பிரேக்கு? இது இழுக்கிற மாடு.”

கயிறு விறைத்தது. படகு மெல்ல, அலட்டிக்கொள்ளாமல், அணையை நோக்கி நடக்கத் தொடங்கியது. கரையில் நூறு தலைகளும் கூடவே திரும்பின.

“இருபத்தி ரெண்டு வருஷமா அணைப் பாலத்து மேல தெனம் ரெண்டு தடவை வண்டி ஓட்டறேன்,” என்றார் ஆர்டித். “வெயில் ஏறி ஊரு பூரா ஏசி போட்டதும் கரண்டுக்காக அணையைத் தொறப்பான். கீழ நுரை பொங்கும். அப்ப மேல ஏரி தூங்கற மாதிரி கெடந்தாலும் அடியில பழைய ஆறு ஓடும். நீங்கள்லாம் வானத்தையே பாத்துட்டு இருந்தீங்க.”

“சொல்லியிருக்கலாமே.”

“கேட்டியா நீ? முடிவுதானே பண்ணினே.”

அந்நேரம் மூன்றாவது தூண்டில்கழி வில்லாக வளைந்தது.

“தொடாதே,” என்றார் ஆர்டித்.

கெளுத்திக்கான வளைந்த முள் விசித்திரமானது. மீன் தன்பாட்டில் திரும்பிப் போனால் வாயோரத்தில் தானே பதியும்; மனிதன் வெடுக்கென்று இழுத்தால் கழன்று வந்துவிடும். கோய்க்கு இது நாற்பது வருடமாகத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. பாய்ந்து எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். கழி நிமிர்ந்தது. முள் வெறுமையாக மேலே வந்தது.

 படகு தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தது.

அன்று மாலையே ஃபர்மன் இரும்பைக் காய்ச்சினார். ஆர்டித் காஸ்கின்ஸ் என்ற பெயர் துடுப்பில் கரிய எழுத்தில் ஏறியது. கடை முழுக்கப் புகை. கோய் தொப்பியைக் கழற்றி, எல்லார் முன்னாலும், தான் கிளப்பிய சந்தேகம் பொய் என்றும் அதைக் கிளப்பிய வாய் தன்னுடையது என்றும் ஒத்துக்கொண்டார். மறுவாரம் ஊரில் இரும்பு வாணலி ஒன்றுகூட விலைக்குக் கிடைக்கவில்லை. ஆர்டித் வருத்தப்படவில்லை. “வாணலி எல்லார்கிட்டயும் இருக்கட்டும். எந்நேரம் எறக்கணும்னு பாலத்து மேல போறவளுக்குத்தானே தெரியும்,” என்றார்.

மன்னிப்பை முழுதாகக் கொடுத்த கோய், அந்த மீன் விஷயத்தில் மட்டும் இறங்கி வருவதாக இல்லை.

“நாப்பது பவுண்டு மீனைத் தொலைச்சிருக்கே. எனக்கு அது வேணும்,” என்கிறார் ஆர்டித்.

“பதினஞ்சு. அதுக்கு மேல ஒரு அவுன்ஸ் கெடையாது, மிஸ் ஆர்டித்.”

ஜூலையில் கோய் பதினாறு பவுண்டுக் கெளுத்தி ஒன்றை ஈரச்சாக்கில் சுற்றி ஆர்டித் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, கணக்கு தீர்ந்தது என்று சொல்லிப் போனார். ஆர்டித் அதை வறுத்துச் சாப்பிட்டுவிட்டு, முடிதிருத்தும் கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மீன் நல்லாயிருந்துச்சு கோய். இன்னும் இருபத்தி நாலு பவுண்டு பாக்கி.”

கோய் இன்னும் கொண்டுவரவில்லை.