குப்பைக்கூடையில் தேடிய டேப் துண்டுகள்

ஐம்பத்தைந்து வயதில் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு ஸ்பூல் டேப் ரிக்கார்டர் வாங்கினேன். எழுபதுகளில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் இப்படி ஒரு கிறுக்குப் பிடித்ததில்லை. ‘இங்கு குரல் பதிவு செய்து தரப்படும்’ என்று நானே பலகை எழுதி வாசலில் மாட்டினேன். “டீச்சரம்மா ரேடியோ ஸ்டேஷன்ல செய்தி எத்தனை மணிக்கு?” என்று என் கணவர் கிண்டலடித்தார். அடிக்கட்டும். எனக்கோ கால் தரையில் பாவவில்லை.

முதலில் வந்தவர் அடுத்த தெரு அக்கா. அவர் மகன் ஜாம்பியாவில் வாத்தியார். போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

“கடுதாசி போட்டா பதிலே வர மாட்டேங்குது டீச்சர். என் குரலைக் கேட்டாலாவது பேசுவான்” என்றார். மகனிடம் ரிக்கார்டர் இருந்தது. லீவில் பல்லாவரம் வந்திருந்த அவன் சிநேகிதர் மறுநாள் சாயங்காலம் ஜாம்பியாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் டேப்பைக் கொடுத்துவிட வேண்டும்.

ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, ஃபேனை நிறுத்தி, எலெக்ட்ரிக் ட்ரெயின் போகும்வரை காத்திருந்து பொத்தானை அழுத்தினேன். அப்பா, என்ன படபடப்பு! அக்கா மைக்கைப் பார்த்து, “சாப்பிட்டியாப்பா?” என்றார். அப்புறம் பேச்சே இல்லை. பேசுங்கள் என்று ஜாடை காட்டினேன். கண்டுகொள்ளவில்லை. “தலைவலி இன்னும் வருதா?” மறுபடி மௌனம். ஒவ்வொரு கேள்விக்கும் இதே கதைதான். கூச்சம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானமே பிளேடும் ஒட்டு டேப்புமாக உட்கார்ந்து, அந்த வெற்று இடங்களை வெட்டி எறிந்துவிட்டுப் பேச்சைப் பேச்சோடு ஒட்டினேன். கணவரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். “பரவாயில்லையே” என்றார். அவர் வாயிலிருந்து அது லேசில் வராது.

மறுநாள் காலையில் அக்கா வந்து கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“என்ன டீச்சர் இது? கேள்வியக் கேட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிட்டே இருக்கேன். அவன் எப்போ பதில் சொல்லுவான்?”

எனக்குச் சுருக்கென்றது. அட மக்கு டீச்சரே!

குப்பைக்கூடையைக் கூடத்தில் கவிழ்த்தேன். பென்சில் சீவலுக்கும் பீன்ஸ் நாருக்கும் நடுவே பழுப்பு டேப் துண்டுகள் கிடந்தன. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணவரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினார். “எது எந்தக் கேள்விக்கு?” என்று கேட்டார்.

“வெறும் மௌனம்தானேங்க, எதுவா இருந்தா என்ன?”

“அப்படி இல்ல டீச்சர்” என்றார் அக்கா. “சாப்பாட்டுக்குப் பெரிசா வையுங்க. அவன் யோசிச்சு மெதுவாத்தான் சொல்லுவான்.”

அளந்து அளந்து ஒட்டினேன். அவ்வளவு சந்தோஷமான வேலையை அதற்குமுன் நான் செய்ததில்லை. மூன்று மணிக்கு அக்கா டேப்போடு பல்லாவரத்துக்கு ஓடினார்.

இரண்டு மாதம் கழித்து, கையில் ஒரு பார்சலோடு மூச்சு வாங்க வந்து நின்றார். பிரித்து, ஸ்பூலை மாட்டி ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு ஓர் ஆண்குரல்: “சாப்பிட்டேம்மா. நீ சாப்பிட்டியா?”

அதன்பின் ஒன்றுமில்லை. ஸ்பூல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் எதையும் தொடவில்லை.

“இன்னும் இல்லப்பா” என்றார் அக்கா, ரிக்கார்டரிடம். “உன் டேப் வந்துச்சுன்னு அப்படியே ஓடியாந்துட்டேன்.”