குடிக்காதவன் தள்ளாட்டம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றி இறக்கியே துலுக்கானத்துக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டது. கூலியில் பாதி டாஸ்மாக்குக்குப் போனது. போன ஆடியில் மகள் யுவராணி, "இனிமே குடிச்சிட்டு என் ஊட்டு வாசப்படி மிதிக்காதே நைனா" என்றாள். மறுநாளே சேக்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய், இனிக் குடிப்பதில்லை என்று கையில் கயிறு கட்டிக்கொண்டான். தெருவில் யாரும் நம்பவில்லை. மனைவி தாயம்மா மட்டும் நம்பினாள்.

கார்த்திகையில் அவன் கால் பின்னியது. சட்டைப் பொத்தானை விரல்கள் தேடித் தேடித் தவறவிட்டன. நாக்கு குழறியது. தாயம்மா அவன் வாயை மோந்து பார்த்தாள். வாடை இல்லை. வாடை வராமல் குடிக்கிற வித்தையெல்லாம் அவனிடம் அவள் பார்த்ததுதான்.

"இன்னாய்யா, ஊத்திக்கினியா?"

"சத்தியமா இல்லமே. தலதான் வலிக்குது."

"ஏத்திக்கினா வலிக்காம இன்னா பண்ணும்?"

தினமும் கேட்டாள். தினமும் இல்லை என்றான். பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா குழாயடியில், "உன் ஊட்டுக்காரரு மறுபடியும் டான்ஸ் ஆட ஆரம்பிச்சிட்டாரு போலகீதே" என்று சிரித்த அன்று, அவன் வாசலிலேயே லுங்கியை நனைத்துக்கொண்டு நின்றான். தாயம்மா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் நனைந்த லுங்கியைக் குனிந்து பார்த்தான்.

"ஆமா. குடிச்சேன்."

அவள் கத்தியை எடுத்து வந்தாள். கயிற்றை அறுக்க அவனே கையை நீட்டினான்.

காலையில் எவ்வளவு தட்டியும் எழவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "மண்ட ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல பிறை மாதிரி வளைஞ்சு நிக்குது பாருங்க, ரத்தம். பழசு. தலையில அடி ஏதும் பட்டுதா?"

"இல்லியேம்மா... ஆயுத பூஜை அன்னிக்கு லாரிக் கதவுல லேசா இடிச்சிக்கினாரு. தேச்சிவுட்டுக்கினு டீ குடிக்கப் பூட்டாரு."

"அது போதும். ரொம்ப வருஷம் குடிச்சவங்களுக்கு மூளை சுருங்கியிருக்கும். ரத்தக் குழாய் இழுபட்டு நிக்கும், லேசுல அறுந்துடும். சொட்டுச் சொட்டா கசிஞ்சு, வாரக்கணக்குல சேர்ந்து மூளைய அழுத்தும். பெரிய அடியா இருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"இப்போ குடிச்சதால இல்லியா?"

"பாக்கறதுக்குக் குடிச்ச மாதிரிதான் இருக்கும். குடி இல்லம்மா."

மண்டையில் துளை போட்டு வடித்தார்கள். வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயில் போலக் கறுப்பாக வந்தது என்றார்கள். பிழைத்துக்கொண்டான். இடது கை சரியாகத் தூக்க வரவில்லை. அந்த வாரங்களில் நடந்தது எதுவும் நினைவில் இல்லை, ஒன்றைத் தவிர.

"இன்னா அண்ணாத்தே, வண்டில உழுந்தியா?" என்றான் அடுத்த கட்டில்காரன்.

"இல்லபா. கயிறு கட்டிக்கினு குடிச்சிட்டேன். ஆத்தா அடிச்சிட்டா."

"நீ குடிக்கலய்யா" என்றாள் தாயம்மா. "டாக்டரம்மாவே சொல்ட்டாங்க."

வார்டு வாசலில் யுவராணி வருவது தெரிந்ததும் அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பொண்ணாண்ட பொய் சொல்லாதமே. நான்தானே உன்கிட்ட ஒத்துக்கினேன்."