இடிமலை ராஜாவுக்குக் கப்பம்

நேற்று மாலை என் பேத்தி யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தாள். காதில் ஒரு கருவி, கையில் போன். "எங்க கூட்டணிகிட்ட முப்பது டிராகன் கீது. உன் கோட்டையாண்ட வந்து நின்னா தாங்க மாட்ட, பாத்துக்கோ" என்றாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மூன்று டிராகன்கள் இருந்தன. அதிலும் ஒன்று இன்னும் முட்டைக்குள் இருந்தது. போனில் பதினோரு சதவீதம்தான் சார்ஜ். அது வேறு எனக்குக் கவலை. "மூணுதானேம்மா..." என்று ஆரம்பித்தேன். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "தாத்தா, கம்முனு இரு. பேச்சுவார்த்தை நடந்துகினு கீது" என்றாள். எதிரில் யார் என்று கேட்டேன். தெரியாதாம். பனிநாட்டு அரசி என்ற பெயரில் எங்கோ இருந்து ஆடுகிறவராம்.

என் சின்ன வயதில் எங்கள் எதிராளி யார் என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். என் சித்தப்பா.

ராயபுரத்தில் துறைமுக ரயில் பாதையை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்தோம். ஒரே வாசல், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு குழாய். குழாய்க்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் சித்தப்பா குடும்பம். எனக்கு அப்போது பத்து வயது. சித்தப்பா வேலை பார்த்த திருவொற்றியூர் கம்பெனியைப் பூட்டிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. "வர்ற திங்கக்கெழம தொறந்துடுவாங்கோ" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். அம்மா இரண்டு முறை சோற்றுப் பாத்திரத்தை அந்தப் பக்கம் அனுப்பினாள். இரண்டு முறையும் அது அப்படியே திரும்பி வந்தது. "எங்க வூட்ல எல்லாம் கீதுக்கா" என்றாள் சித்தி. அப்பா நேரிலேயே கேட்டுப் பார்த்தார். சித்தப்பா, "எனக்கு இன்னா கொறச்சல்? நான் யாராண்டயும் கையேந்தமாட்டேன்" என்று கத்திவிட்டார். அதிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

எனக்கு அதில் எல்லாம் அக்கறை இல்லை. மீசை வைத்த பெரியவர் ஒருவர் பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார், எங்களோடு விளையாடுகிறார். எங்களுக்கு அதுவே யோகம்.

ராஜ்ய விளையாட்டு அவர் கண்டுபிடித்ததுதான். முற்றம் முழுவதும் கரியால் நாடுகள் வரைந்திருந்தோம். குழாயடி என்னுடைய நாகலோகம். எதிர்வீட்டுத் தையல்காரர் மகனுக்குக் கடலடி நாடு. சித்தப்பாவுக்கு இடிமலை, அங்கே குதிரைகள் பறக்கும். ஆறு பிள்ளைகளும் சித்தப்பாவுமாக ஏழு ராஜாக்கள். கலர் சோடா பாட்டில் மூடிகள்தான் படை, ஆளுக்கு இருபது. ஒவ்வொருவரும் ஏழு கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்து வைத்து, எதற்குக் கீழே எத்தனை மூடி என்று தெரியாமல் மறைத்து வைப்போம். போர் என்று வந்தால்தான் திறக்கலாம். மற்றபடி எல்லாம் பேச்சுதான். தலையில் துண்டு கட்டியவன் தூதன். அவனை யாரும் தொடக்கூடாது. தூது நடக்கும்போது தூதனும் தூது கேட்கிற ராஜாவும் நாடகத் தமிழில்தான் பேச வேண்டும். வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டால் ஒரு மூடி அபராதம்.

சித்தப்பா கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, இருக்கிற மீசையைக் கரியால் இன்னும் பெரிதாக்கிக்கொண்டு, "என் குதிரைகள் கனைத்தால் உங்கள் கோட்டைக் கதவுகள் பெயரும்!" என்று உறுமுவார். யாரும் இடிமலைப் பக்கம் போனதில்லை.

நான் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வயதிலேயே எனக்கு இந்த வியாதி உண்டு. மற்ற ஐந்து பேருடனும் சண்டை போட்டவன் நான். திறந்தபோதெல்லாம் அவரவர் மூடிகளை எண்ணி வைத்திருந்தேன். தோற்றுப்போய் அழுகிற பிள்ளைகளுக்குச் சித்தப்பா தன் மூடிகளைக் கொடுத்து அனுப்புவதையும் பார்த்திருந்தேன். மொத்தம் நூற்று நாற்பது. என்னிடம் நாற்பத்து மூன்று. மற்ற ஐவரிடமும் சேர்த்துத் தொண்ணூற்றைந்து. அப்படியானால் இடிமலையின் ஏழு கொட்டாங்கச்சிகளுக்கும் சேர்த்து இரண்டே மூடிகள்.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். மெச்சுவார் என்று நினைத்தேன்.

"நாளிக்கு படையெடுக்கப் போறேன் நைனா. எல்லார் எதுர்லயும் தொறந்து காட்டிடுவேன். அத்தினியும் காலி!"

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"உன் நாட்டுக்குச் சக்கரவர்த்தி கீறாரா?"

"ராஜா நான்தான்."

"இனிமே நான் சக்கரவர்த்தி. நீ தூதன்" என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "அரிசி எவ்ளோ கீது வூட்ல?" என்று கேட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா பனியனோடு வந்து, குழாயடியில் மண்ணெண்ணெய் டின்னைப் போட்டு உட்கார்ந்தார். அவர் எங்கள் விளையாட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தங்கையோடு சேர்ந்து ஒரு அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தேன். அப்பா சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். ஜெயிக்க வேண்டிய நாங்கள் கப்பம் கட்டுகிறோமே என்று கோபம்.

"இடிமலை மன்னா! உமது பறக்கும் படைக்கு அஞ்சி, நாகலோகச் சக்கரவர்த்தி கப்பம் அனுப்பியிருக்கிறார். எங்கள் மேல் படையெடுக்காமல் இருந்தால் மாதாமாதம் வரும்."

சித்தி வாசற்காலைப் பிடித்தபடி நின்றாள். சித்தப்பா வாளியிலிருந்து எழுந்தார்.

"இன்னா அண்ணாத்தே இது?"

"அபராதம்! அபராதம்!" என்று தையல்காரர் மகன் துள்ளினான். "வூட்டுப் பேச்சு பேசிட்டாரு! ஒரு மூடி எடு ராஜா!"

சித்தப்பா குனிந்து ஒரு கொட்டாங்கச்சியின் மேல் கை வைத்தார். மூடியை எடுக்கத்தான் என்று நினைத்தேன். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை, அப்பாவையே பார்த்தார். "எல்லாத்தையும் தொறந்து காட்டிடறேன். என் நாட்ல இன்னா கீதுன்னு எல்லாரும் பாத்துக்கட்டும்" என்றார். கரி மீசைக்கு மேலே மூக்கு நுனி சிவந்திருந்தது.

"திறக்காதீர் மன்னா!"

அது அப்பாவின் குரல். நாடகத் தமிழ் அவருக்கு வரும் என்றே எனக்குத் தெரியாது. டின்னை உதைத்துவிட்டு எழுந்து நின்றார். "எங்கள் ஒற்றன் எண்ணிவிட்டு வந்திருக்கிறான். ஒவ்வொன்றின் கீழும் ஆயிரம் குதிரைகள். திறந்துவிட்டால் எங்கள் நாடு தாங்காது. அபராத மூடியையும் நாகலோகமே செலுத்தும்."

ஒற்றன் என்று அவர் கை காட்டியது என்னை. ஐந்து ராஜாக்களும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பாவும் பார்த்தார்.

"நீ எண்ணினாயா?" என்று கேட்டார், மெதுவாக.

இரண்டு என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் நான் அதுவரை பார்க்காத முகமாக இருந்தது. அதட்டுகிற முகம் இல்லை, கேட்டுக்கொள்கிற முகம். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"எண்ணினேன் மன்னா. மொத்தம் ஏழாயிரம்" என்றேன்.

சித்தப்பா கொட்டாங்கச்சியிலிருந்து கையை எடுத்தார். வாளியில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாதி மீசை கையோடு வந்துவிட்டது. "உங்கள் சக்கரவர்த்தியிடம் சொல். இடிமலை கப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. போர் இல்லை."

சித்தி வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானம் அந்தப் பக்கத்து அடுப்பிலிருந்து புகை வந்தது. சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் இருவரும் சாயங்காலம் வரை விளையாட வரவே இல்லை. உண்ட களைப்பில் தூங்கிவிட்டார்களாம். நான் குழாயடியில் என் மூடிகளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். நாற்பத்திரண்டு. அவ்வழியே போன அப்பா என் தலையில் கை வைத்தார். நான் தட்டிவிட்டேன். கிடங்குக் கணக்கு முழுவதையும் எழுதுகிற மனிதருக்கு நாற்பத்து மூன்று பெரியதா, இரண்டு பெரியதா என்று தெரியவில்லையே என்று, அன்று இரவு வரை அவரோடு பேசாமல் இருந்தேன்.