காலியாக விட்ட கடைசி நாள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டைம்டேபிள் என்றுதான் பெயர். சொல்லிக்கொடுப்பது கணக்கு. ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் எந்த ஆசிரியர் எந்த வகுப்புக்கு எப்போது போக வேண்டும் என்று கட்டம் போடுகிற வேலை ஒருமுறை அவள் தலையில் விழுந்து, இறங்காமல் அங்கேயே தங்கிவிட்டது. அந்த வேலையைச் செய்கிறவரை உலகத்தில் யாருக்கும் பிடிக்காது. சாப்பாட்டு மணி முடிந்ததும் தூங்கி வழிகிற ஒன்பதாம் வகுப்பு யாருக்கு விழுந்ததோ, அவர் அந்த வருஷம் முழுக்க அவளைக் கண்டால் எதிர்ப்பக்கப் படியில் இறங்கிப் போவார்.

"என்மேல உங்களுக்கு என்ன கோபம் டீச்சர்?" என்று அறிவியல் வாத்தியார் ஒருமுறை நேராகவே கேட்டார்.

"உங்க மேல எனக்கு ஒண்ணுமே இல்ல சார். கட்டம் காலியா இருந்துச்சு, போட்டேன்."

கோபம் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார். ஒன்றுமே இல்லை என்றதை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நாற்பது வயதில் அவள் நீச்சல் கற்றுக்கொண்டாள். அடுத்த வருஷமே முதுகில் காற்று உருளை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகவும் கற்றுக்கொண்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "தண்ணிக்குள்ள யாரும் வந்து பீரியட் மாத்திக் கேக்க மாட்டாங்க" என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னதாக எல்லோரும் நினைத்தார்கள். புருஷனுக்குத் தண்ணீர் என்றால் பயம். வாளித் தண்ணீரையே சந்தேகமாகப் பார்த்துத்தான் குளிப்பார். பெயிண்ட் கடையில் நிறம் கலந்து கொடுப்பது அவர் வேலை. ஒவ்வொரு முறை அவள் திரும்பி வரும்போதும், "கீழ என்ன நீலம்?" என்று மட்டும் கேட்பார். அவள் நிற அட்டையில் விரல் வைத்துக் காட்டுவாள். அவர்களுக்குள் அது போதுமானதாக இருந்தது.

போதாமல் போனது அவருடைய தங்கைக்கு. மாடிவீட்டில் இருக்கிறாள். நாற்பதைத் தாண்டியும் வீட்டில் பாப்பா. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட், முட்டி மாற்றியவர்களை மறுநாளே எழுப்பி நடக்க வைக்கிறவள். வலிக்கிறது என்று யார் சொன்னாலும் "அப்படியா, சரி, இன்னும் ரெண்டு எட்டு" என்பாள். அதே குரலில்தான் அண்ணியிடமும் பேசுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் குடல்வால் வெடித்து ஆபரேஷன் மேஜையில் கிடந்தபோது, அண்ணி ஏதோ ஒரு தீவில் இருந்தாள். அதைவிடப் பெரிய விஷயம், செய்தி தெரிந்த பிறகும் அவள் உடனே கிளம்பவில்லை. கடலுக்கடியில் போய் வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு முழு நாள் தரையில் இருந்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். ஆழத்தின் அழுத்தத்தில் ரத்தத்துக்குள் கரைந்த நைட்ரஜன், மேலே காற்றழுத்தம் குறையும்போது சோடா பாட்டிலைத் திறந்ததுபோலப் பொங்கிவிடும், ஆளையே முடக்கிவிடும் என்று அவள் போனில் விளக்கினாள். பெட்டியைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, அறை வாசலில் ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் எல்லோரும் இறங்கப் போன பெரிய சுவரை, கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் அந்தப் பவளப் பாறையை, அவள் பார்க்கவில்லை. அதற்காகத்தான் அந்தப் பயணமே.

பாப்பா அந்த விளக்கத்தை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உறவுக்காரர்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டாள். "அண்ணி ரத்தத்துல காத்து ஏறிடுச்சாம். அதனால ஃப்ளைட் ஏற முடியாதாம். நம்ம ரத்தத்துல எல்லாம் வெறும் ரத்தம்தான் இருக்கு, அதனால நாம வந்துட்டோம்." அன்றிலிருந்து கல்யாண வீடு, காதுகுத்து வீடு, எங்கே போனாலும் யாராவது ஒருவர், "இப்ப காத்தெல்லாம் இறங்கிடுச்சாம்மா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

புருஷன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததை அவள் நம்பாததாக எடுத்துக்கொண்டாள். "கீழ என்ன நீலம்" என்று கேட்பதையும் அவர் நிறுத்தியிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பாப்பா போய், அண்ணிக்குக் கற்றுக்கொடுத்த அதே பயிற்சியாளரிடம் சேர்ந்து டைவிங் கற்றுக்கொண்டாள். கடல்மேல் ஆசைப்பட்டு அல்ல. "அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கலாம்னு" என்றாள். திருடன் வீட்டைச் சோதிக்கப் போகிற போலீஸ்காரர் மாதிரி தண்ணீருக்குள் இறங்கினாள். எழுத்துப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். எந்த டைவிங் படிப்பிலும் விமானம் ஏறுவது பற்றிய பாடம் உண்டு என்பது டீச்சருக்குத் தெரியும். படித்திருக்கிறாள், பரீட்சையும் எழுதியிருக்கிறாள், அண்ணனிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

டீச்சருக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அன்றைக்கு அண்ணி சொன்னது உண்மைதான் என்று பாப்பா தன் வாயால், அண்ணன் முன்னால் சொல்ல வேண்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

இந்த வருஷப் பயணத்தில் மறுபடி அந்தச் சுவர் இருந்தது. ஜோடி இல்லாமல் யாரையும் அதில் இறக்குவதில்லை என்று பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மத்தவங்க எல்லாம் சேர்ந்துட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடு, வசதியாப் போச்சு" என்றார் அந்த அப்பாவி. வசதி எப்படிப்பட்டது என்பது, பயணத் திட்டம் போடும் வேலையைப் பாப்பா பிடுங்கிக்கொண்டபோது தெரிந்தது.

"ஸ்கூல்ல எல்லாரையும் ஆட்டி வைக்கிறது போதும் அண்ணி. இதையாவது நான் போடறேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். சாப்பாட்டு மேஜையில் ஈரம் காயவில்லை. டீச்சர் துடைத்த இடத்தையே பாப்பா தன் துப்பட்டா நுனியால் இன்னொரு முறை துடைத்துவிட்டு லேப்டாப்பை வைத்தாள். அண்ணன் எதிரே உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"முதல் தீவு ஆழம் கம்மி. ஆமை நிறைய. உடம்பைப் பழக்கிக்கலாம்" என்றாள் பாப்பா. "அங்கேருந்து படகு. ரெண்டாவது தீவுல மூழ்கின கப்பல். மூணாவது தீவுல உங்க சுவர்."

"என் சுவர்னு எழுதி வச்சிருக்கா?"

"ரெண்டு வருஷமா அதைப் பத்தித்தானே பேச்சு. பட்டாவே போட்டுருப்பாங்க."

கட்டங்கள் நன்றாகவே இருந்தன. அதுவே டீச்சருக்குப் பிடிக்கவில்லை. குறை தேடி ஒவ்வொரு நாளாக இறங்கி வந்தவள் கடைசிக் கட்டத்தில் நின்றாள். சுவரில் இறங்குவது அதற்கு முந்தைய நாள். கடைசி நாள் முழுக்கக் காலி. அதற்கு மறுநாள் காலையில் விமானம்.

அவள் உடம்பில் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

"இந்த நாள் ஏன் காலியா இருக்கு?" பால் விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

பாப்பாவின் விரல் ஒரு நொடி நின்றது. "ஓய்வுக்கு."

"அவ்வளவு செலவு பண்ணிப் போய் ஒரு நாள் படுத்துத் தூங்கவா?"

"உங்க வயசுக்கு ஓய்வு வேணும் அண்ணி."

"எனக்கு வேணாம். சுவரைக் கடைசி நாள் காலையில போடு. மதியமே ஃப்ளைட் பிடிச்சுடலாம். எனக்கும் ஸ்கூலுக்கு ஒரு நாள் லீவு மிச்சம்."

சொல்லிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். முடியாது என்று பாப்பா சொல்ல வேண்டும். ஏன் முடியாது என்று அண்ணன் கேட்பார். ஏன் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு.

பாப்பா அவளை நிதானமாகப் பார்த்தாள். முட்டி வலிக்காரர் நடிக்கிறாரா என்று பார்க்கிற பார்வை.

"சரி" என்றாள். கட்டத்தை இழுத்துக் கடைசி நாளில் போட்டாள். "காலையில சுவர். மதியம் ஃப்ளைட். போதுமா?"

"போதும்."

"சந்தோஷமா?"

"ரொம்ப."

இரண்டு பேரும் அந்தத் திரையையே பார்த்தார்கள். அப்படிப் போனால் இரண்டு பேரில் ஒருவராவது விமானத்திலிருந்து ஸ்ட்ரெச்சரில் இறங்கலாம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பயிற்சியாளர் பார்த்தால் லேப்டாப்பையே கடலில் எறிவார் என்பதும் தெரியும். அதற்கெல்லாம் இன்னும் நாள் இருக்கிறது. முதலில் வாயைத் திறப்பவர் தோற்றவர்.

திறந்தது மூன்றாவது வாய்.

"ஏம்மா," என்றார் அண்ணன், பழத்தோலை மடித்து வைத்தபடி. "தண்ணிக்குள்ள போயிட்டு அன்னைக்கே ஃப்ளைட் ஏறக்கூடாதுன்னு சொன்னியே. இப்ப மட்டும் ஏறலாமா?"

டீச்சருக்குக் காது அடைத்தது. அவசரத்தில் பழகாமல் ஆழம் இறங்கினால் அடைக்குமே, அப்படி. பாப்பாவுக்கு வெட்டிய குழியில் தான் நிற்பது அப்போதுதான் தெரிந்தது. ஏறலாம் என்றால் அன்று சொன்னது பொய். கூடாது என்றால், இப்போது போடச் சொன்னது எதற்கு என்று விளக்க வேண்டும். இருபது வருஷம் கட்டம் போட்டவள், ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் போட்ட மாதிரி மாட்டிக்கொண்டாள்.

பாப்பா ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும். சாகும்வரை ஜெயித்திருக்கலாம். அந்த வெற்றி முகத்தில் ஏறுவதை டீச்சர் பார்த்தாள். மேலே வந்து, கொஞ்சம் நின்று, எரிச்சலாக மாறி இறங்கியது.

"கூடாது" என்றாள் பாப்பா, கட்டத்தைப் பழைய இடத்துக்கே இழுத்தபடி. "ஏறினா கை கால் விளங்காமப் போயிடலாம். இவங்க வீம்புக்குப் போடச் சொன்னாங்க, நான் வீம்புக்குப் போட்டேன். வீம்புக்காக என்னால வீல்சேர்ல உக்கார முடியாது. தினமும் அதைத் தள்ளுறவ நான்."

"அப்ப அன்னைக்கு?" என்றாள் டீச்சர். விடவில்லை.

"அன்னைக்கும்தான்."

"என்ன அன்னைக்கும்தான்? முழுசாச் சொல்லு."

"அன்னைக்கும் நீங்க ஏறியிருக்கக்கூடாது. நீங்க சொன்னது சரி. புத்தகத்துல கட்டம் கட்டிப் போட்டிருக்கான். போதுமா? இல்ல, ஸ்கூல் பிரேயர்ல வந்து மைக்ல சொல்லணுமா?"

வந்துவிட்டது. இரண்டு வருஷம் காத்திருந்த வாக்கியம், முள்ளோடு வந்தாலும் முழுசாக வந்துவிட்டது. டீச்சர் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

அவர் பழத்தோலை இன்னொரு மடிப்பு மடித்தார். "அது எனக்குத் தெரியுமே" என்றார்.

"எது?"

"ஃப்ளைட் விஷயம். தையல் பிரிக்க வந்த டாக்டர்கிட்டயே கேட்டேன். உண்மைதான், உங்க வீட்டுக்காரம்மா ஏறாம இருந்தது நல்லதுன்னு சொன்னாரு."

"பின்ன ஏன் ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசல?"

"நீ அதைக் கேக்கலியேம்மா. அவகூடச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தே." குரலை உயர்த்தாமல், நிறம் சொல்வதுபோலச் சொன்னார். "நான் உனக்கு அன்னைக்குக் காலையில போன் பண்ணேன். நீ அங்க முதல் நாள் படகு ஏறுறதுக்கு முன்னாடி. வயிறு இழுத்துப் பிடிக்குது, நிக்க முடியலன்னு சொன்னேன். வெளியில கண்டதைச் சாப்பிட்டிருப்பீங்க, வெந்நீர் குடிங்க, படகு கிளம்புதுன்னு வச்சுட்டே. அப்ப உன் ரத்தத்துல ஒரு காத்தும் இல்ல. அப்ப ஏறியிருக்கலாம்."

ஃபிரிட்ஜ் மட்டும் ஒரு முறை உறுமி அடங்கியது.

அந்தப் போன் அவளுக்கு மறந்துவிடவில்லை. அதை மறைக்க அதன்மேல் விமானத்தை நிறுத்தி வைத்திருந்தாள். விமானம் நகர்ந்ததும் அது அங்கேயே, அதே இடத்தில் இருந்தது.

"காலையிலயே சொன்னியா?" என்றாள் பாப்பா அண்ணனிடம். "என்கிட்ட சொல்லவே இல்ல."

"உன்கிட்ட சொன்னா கல்யாண வீடு தாங்காது."

பாப்பா அண்ணியின் பக்கம் திரும்பினாள். இவ்வளவு காலமும் மொட்டைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தவள் கையில் இப்போது கூரானது கிடைத்திருக்கிறது. குத்துவாள் என்று டீச்சர் காத்திருந்தாள். குத்தினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

"நான் இத்தனை நாளா தப்பான விஷயத்துக்குத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள் பாப்பா. நிஜமாகவே நஷ்டப்பட்டவள் மாதிரி இருந்தது.

"இனிமே சரியானதுக்குத் திட்டு."

"திட்டுவேன். அவசரம் இல்ல. கடைசி நாள் முழுக்கக் காலியாத்தானே இருக்கு."

அண்ணன் எழுந்து தோலைக் குப்பையில் போடப் போனார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு முன்னறையில் போய்ச் செய்தித்தாளை விரித்தார்.

டீச்சர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். "இது என் வேலை" என்று பாப்பா ஆரம்பித்தாள். பிறகு நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். டீச்சர் ஒவ்வொரு நாளின் தலையிலும், படகு ஏறுவதற்கு முன்னால், ஒரு புதுக் கட்டம் சேர்த்தாள். அதில் 'வீட்டுக்குப் போன்' என்று போட்டாள். ஆமைக்கு முன்னால், கப்பலுக்கு முன்னால், சுவருக்கு முன்னால்.

"இதுக்கெல்லாம் ஒரு பீரியடா?" என்றாள் பாப்பா. "படகுக்காரன் காத்திருக்க மாட்டான்."

"போனா போகட்டும்."

"சுவர் அன்னைக்குமா? ஜோடி இல்லாம என்னையும் இறக்க மாட்டாங்க. நீங்க கரையில நின்னா நானும் நிக்கணும்."

"நில்லு."

பாப்பா அவளை முறைத்தாள். டீச்சர் திட்டத்தைச் சேமித்து, லேப்டாப்பை மூடி, அவள் பக்கம் தள்ளினாள். முன்னறையில் செய்தித்தாள் ஒரு பக்கம் திரும்பியது. அவரிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்தாள். அதற்கு மட்டும் அவளுக்கு எந்தக் கட்டமும் தெரியவில்லை. மேஜை துடைக்கும் துணியை எடுத்து, பாப்பா ஏற்கெனவே துடைத்த இடத்தை மூன்றாவது முறையாகத் துடைக்க ஆரம்பித்தாள்.