சிரிப்பு வந்து சேராத முகம்

அக்கா, செல் வளர்க்கும் வட்டத் தட்டில் இருக்கும் பழைய ஊட்டநீரில் பாதியை மட்டும் உறிஞ்சி எடுக்கிறார். புதியதை ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். முழுவதையும் ஒரேயடியாக மாற்றினால் நரம்பு செல்கள் தாங்காது. புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் அந்தத் தப்பை ஒரு தடவை செய்வார்கள். "குளிப்பாட்டச் சொன்னா கிணத்துலயே தள்ளிட்டியே!" என்று இவர் போடும் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். ஆய்வகத்தில் இவருக்குப் பெயர் 'பாதி அக்கா'.

கைப்பையில் எப்போதும் பெப்பர்மின்ட் உண்டு. செல்கள் நன்றாக வளர்ந்த நாளில் நடைபாதையில் நின்று சப்புவார்; வாடிய நாளில் கடித்து நொறுக்குவார். அன்றைய நிலவரத்தைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம்.

பார்க்கின்சன் நோயாளிகளின் தோல் செல்களை நரம்பு செல்களாக மாற்றி வளர்த்து, அவை எதனால் சாகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிறது. ஒருவகைப் புரதம் கட்டி கட்டியாகத் திரள்கிறது. கழிவை அகற்றும் ஏற்பாடு படுத்துவிடுகிறது. எது முதலில் என்று கேட்டால் அக்கா பொரிந்து தள்ளுவார்:

"அதுக்குத்தானே மண்டைய உடைச்சுக்கிறோம்! ஒரு வீட்டுல கரண்ட்டும் போயி, குப்பையும் அள்ளாம, சாக்கடையும் அடைச்சுக்கிட்டா எது முதல்லன்னு யாரு கண்டா? ஆனா, கவலைப்பட்டா வர்ற நோயின்னு எவனாவது சொல்லட்டும், வாயத் தச்சுடுவேன்."

இந்தக் கோபம் வீட்டிலிருந்து வருகிறது. இவருடைய தம்பிக்கும் இதே நோய். தம்பி ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பாளர். கை அவ்வளவாக நடுங்காது, முகம்தான் இறுகிவிட்டது. சிரிக்க நினைப்பார், சிரிப்பு முகத்துக்கு வந்து சேராது. முறைக்கிறார் என்று விருந்தினர்கள் புகார் செய்ய, துணிக் கிடங்குக்குப் போகும்படி மேலாளர் சொல்லிவிட்டார். கேள்விப்பட்ட அக்கா நேராக விடுதிக்குக் கிளம்பினார். ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்க்கும் நானும் கூடப் போனேன்.

"ஒரு சின்னச் சிரிப்பு மேடம். அதுகூடவா கஷ்டம்?" என்றார் மேலாளர்.

"மூளையில, சிரிக்கச் சொல்லி அனுப்புற இடத்துலயே செல்லு செத்துக்கிட்டிருக்கு சார். செத்தவன்கிட்ட போயி வேலை வாங்குவீங்களா?"

"வர்றவங்களுக்கு அது தெரியாதே."

"உங்களுக்குத் தெரியுமில்ல? இப்பதானே தொண்ட கிழியச் சொன்னேன்!"

மேசையருகே நின்ற தம்பி மெல்லிய குரலில் சொன்னார்: "விடுக்கா. கிடங்குல தலையணைங்க எதுவும் புகார் குடுக்காது."

கேலிதான். ஆனால் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. மேலாளர் நிம்மதியாகத் தலையாட்டினார். "பாருங்க, அவரே ஒத்துக்கிட்டாரு."

"அய்யோ, தமாஷ் பண்றான்யா! பத்து வருஷமா கூட வச்சிருக்கீங்க, இதுகூடவா தெரியல?"

மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "கோபப்படாதீங்க மேடம். காபி சொல்லட்டுமா?"

அக்கா வரவேற்பு மேசையைச் சுற்றிப் பின்பக்கம் போனார். தம்பியின் நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்தார். பிடித்த கையை எடுக்கவில்லை.